கொடுத்த விலைக்கு யார் பொறுப்பு?

நிறுவனங்கள் தங்கள் நன்மதிப்பைச் சோதிக்கும் முறை குறித்து

பாரிஸ் நகரின் சுற்றுவட்டச் சாலையைத் தாண்டியதும் ஒபர்வில்லியே தொடங்குகிறது. அதன் தெற்கு விளிம்பில், மத்லேன் வியொன்னே வீதி 30ஆம் இலக்கத்தில் வெயோலியா குழுமத்தின் நிர்வாகத் தலைமையகம் இருக்கிறது. தண்ணீர், கழிவு, எரிசக்தி ஆகிய மூன்று துறைகளில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான அது 2016இல் இங்கே குடிபெயர்ந்தது. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் வந்தால் லாச்சப்பல். ஃபோபூர் சாந்தெனி வீதி, கை வீதி, பெர்தொனே வீதி எங்கும் தமிழ்க் கடைகள்: மரக்கறி, நகை, புடவை, சாப்பாட்டுக்கடை, முடிதிருத்தகம்.

இந்த இரண்டு இடங்களின் கணக்குப் புத்தகங்களிலும் ஒரே வகைச் சொத்து ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. தொட முடியாதது, தனியாக எடுத்து விற்கவும் முடியாதது. ஒரு தொழிலை வாங்கும்போது, அதன் கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்ட பிறகும் மிச்சமாகக் கொடுத்த பணம் அது. கணக்கியல் அதை நன்மதிப்பு என்கிறது. அந்தப் பணத்துக்கு ஈடான பலன் இன்னும் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பதே பெறுமதி இழப்புச் சோதனை. விதிப்படி ஒழுங்காகச் செய்யப்படும் இந்தச் சோதனை, முன்கூட்டி எச்சரிப்பது அரிது. எதற்காக அந்த விலையைக் கொடுத்தோம் என்று வாங்கியவர்கள் அன்று சொன்ன கணக்கை ஆண்டுதோறும் எடுத்துக் காட்டாதவரை, அந்தக் குறை தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடைக்குக் கொடுக்கும் விலை

லாச்சப்பலில் நடந்துகொண்டிருக்கும் கடை ஒன்றை வாங்குபவர், பெரும்பாலும் கட்டடத்தை வாங்குவதில்லை. அவர் வாங்குவது ‘ஃபோன் து கொமேர்ஸ்’ என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்லும் தொழிலுரிமையை. வாடிக்கையாளர், கடைப் பெயர், வாடகை ஒப்பந்த உரிமை, தளபாடம் எல்லாம் அதில் அடக்கம். இதன் விற்பனையையும் அடமானத்தையும் ஒழுங்குபடுத்திய சட்டம் 1909 மார்ச் 17ஆம் தேதியது. வாடிக்கையாளர் இல்லையென்றால் அப்படியொரு சொத்தே இல்லை என்பது அதன் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டு. சாப்பாட்டுக்கடை ஒன்று 180,000 யூரோவுக்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவு வரியில் முதல் 23,000 யூரோவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 200,000 வரை 3 சதவீதம். ஆகவே மிச்சமுள்ள 157,000க்கு 4,710 யூரோ. விற்பனை அரச அறிவித்தலில் வெளியாகும். அதன்பின் 10 நாட்களுக்குள் விற்றவரின் கடன்காரர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதுவரை பணம் பொதுவாக இடையாள் ஒருவரிடமே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு கணக்காளர் பிரித்து எழுதுகிறார்: அடுப்பு, குளிரூட்டி, மேசை நாற்காலிக்கு 40,000, வாடகை உரிமைக்கு 50,000, மீதி 90,000 யூரோ எதற்கு? மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு. நாளையும் அவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கைக்கு.

பிரெஞ்சுக் கணக்கியல் விதி இந்த 90,000க்குக் காலவரையறை இல்லை என்று முன்னனுமானம் கொள்கிறது. ஆகவே வழக்கமாக அதற்குத் தேய்மானம் எழுதுவதில்லை. ஆண்டுதோறும் பெறுமதியைச் சோதிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு சலுகை: விரும்பினால் 10 ஆண்டுகளில் சமமாகத் தேய்த்து முடிக்கலாம். ஒருமுறை குறைத்து எழுதிய தொகையை, பிறகு கடை எவ்வளவு நன்றாக ஓடினாலும், திரும்ப ஏற்றி எழுத முடியாது.

இதில் கவனிக்கத் தக்க ஒரு முரண் இருக்கிறது. அதே தெருவில் இன்னொருவர் இருபது வருடங்களாகத் தன் கையாலேயே கடையை வளர்த்திருக்கலாம். அவருடைய வாடிக்கை இந்தக் கடையைவிடப் பெரிதாக இருக்கலாம். அவர் கணக்கில் அதன் பெறுமதி சுழியம். சொந்தமாக உருவாக்கிய நன்மதிப்பைச் சொத்தாக எழுத எந்த விதியும் அனுமதிப்பதில்லை; விலை கொடுத்து வாங்கியதையே எழுதலாம். ஐந்தொகையில் காணும் நன்மதிப்பு ஒரு தொழிலின் பேரையும் புகழையும் அளக்கவில்லை. ஒருநாள் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த விலையின் தடயம் அது. பின்னால் வரும் சிக்கல்களில் பல இங்கிருந்தே முளைக்கின்றன.

ஏலத்தில் ஏறும் எண்

பெரிய நிறுவனங்களுக்கும் பிறப்பு இப்படித்தான். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, வாங்கப்பட்டதன் சொத்துகளையும் கடன்களையும் அன்றைய நியாயப் பெறுமதியில் எழுத வேண்டும். வாடிக்கையாளர் பட்டியல், வணிகக் குறி, உரிமம், ஒப்பந்தம் போன்ற அருவச் சொத்துகளையும் பிரித்தெடுத்துத் தனித்தனியே பதிய வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் நன்மதிப்பு.

மிச்சத்தொகை என்பதால் அதற்கு ஓர் அபாயக் குணம் உண்டு: ஏலத்தில் விலை ஏற ஏற அந்த ஏற்றம் முழுவதும் அதில்தான் போய்ச் சேரும். டாடா ஸ்டீல் பிரித்தானிய-டச்சு உருக்கு நிறுவனமான கோரஸை வாங்கிய கதை இதற்குச் சரியான பாடம். 2006இல் டாடாவின் முதல் விலை பங்குக்கு 455 பென்ஸ். பிரேசிலின் சிஎஸ்என் போட்டிக்கு வந்தது. 2007 ஜனவரி இறுதியில் நடந்த ஏலத்தில் விலை 608 பென்ஸில் போய் நின்றது. மொத்தம் ஏறக்குறைய 6.2 பில்லியன் பவுண். அந்த இடைவெளியில் கோரஸின் உலைகள் கூடவில்லை, தொழிலாளர் கூடவில்லை, வாடிக்கையாளர் கூடவில்லை. விலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடியது. 2008இல் உலக நிதி நெருக்கடி வந்தது. ஐரோப்பாவில் உருக்கின் தேவை சரிந்தது. ஆனாலும் பெரிய குறைப்பு 2013 மே மாதத்தில்தான் வந்தது: நன்மதிப்பிலும் சொத்துகளிலும் 8,356 கோடி ரூபாய். அந்த நிதியாண்டில் குழுமத்தின் நட்டம் 7,058 கோடி ரூபாய். கோரஸை வாங்கியபோது தலைவராக இருந்த ரத்தன் டாடா 2012 டிசம்பரில் விலகி, சைரஸ் மிஸ்திரி தலைவராகி ஆறு மாதங்கூட அப்போது ஆகியிருக்கவில்லை.

சோதனை நடக்கும் விதம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் பங்குச்சந்தைக் குழுமங்கள் 2005 முதல் சர்வதேச நிதியறிக்கைத் தரங்களைப் பின்பற்றுகின்றன. இச்சோதனைக்கான தரம் சர்வதேசக் கணக்கியல் நியமம் 36. இலங்கையிலும் இந்தியாவிலும் அதே இலக்கத்தில் அதன் வழிவந்த தரங்கள் நடைமுறையில் உள்ளன.

நன்மதிப்பு தனியாகக் காசு ஈட்டாது. ஆகவே முதலில் அதை ஏதேனும் ஓர் அலகின் மேல் ஏற்ற வேண்டும். தன்னளவில் காசு ஈட்டக்கூடிய மிகச் சிறிய சொத்துத் தொகுதியே அலகு: ஒரு நாட்டின் தண்ணீர்த் தொழில், ஒரு வட்டாரத்தின் கழிவுத் தொழில் என்பதுபோல. நிர்வாகம் எந்த மட்டத்தில் நன்மதிப்பைக் கண்காணிக்கிறதோ அந்த மட்டத்தில் பல அலகுகளைச் சேர்த்தும் சோதிக்கலாம். ஆனால் அது ஒரு செயற்பாட்டுப் பிரிவைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

அடுத்து இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். ஒன்று, அந்த அலகின் புத்தகப் பெறுமதி, நன்மதிப்பும் சேர்த்து. மற்றது, அதிலிருந்து மீட்கக்கூடிய தொகை. இன்று சந்தையில் விற்றால் செலவு போகக் கிடைக்கும் தொகை, கையில் வைத்து நடத்தினால் எதிர்காலத்தில் வரும் காசின் இன்றைய பெறுமதி ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதுவே மீட்கக்கூடிய தொகை. புத்தகத்தில் உள்ளது அதைவிட அதிகமானால், வித்தியாசத்தை நட்டமாக எழுத வேண்டும். முதல் வெட்டு நன்மதிப்பில் விழும். அது தீர்ந்த பிறகே மற்றச் சொத்துகளில். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். இடையில் நெருக்கடிக்கான அறிகுறி தெரிந்தால் உடனடியாகவும். நன்மதிப்பில் வெட்டியதை மீட்டெழுத முடியாது.

எதிர்காலக் காசைக் கணிக்கவும் வரம்புகள் உண்டு. நிர்வாகம் அங்கீகரித்த வரவுசெலவுத் திட்டத்தைப் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கே பயன்படுத்தலாம். அதன்பின் சீரான அல்லது இறங்கும் வளர்ச்சி வீதத்தில் நீட்ட வேண்டும். இன்னும் உறுதி செய்யாத சீரமைப்பால் வரப்போகும் சேமிப்பைச் சேர்க்கக் கூடாது.

இத்தனை வேலி இருந்தும் உள்ளே இடம் தாராளம். எதிர்காலக் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம், நீண்டகால வளர்ச்சி வீதம் என்ற இரண்டு சதவீதங்களைப் பாருங்கள். அடுத்த ஆண்டு 100 மில்லியன் யூரோ காசு ஈட்டும் தண்ணீர் அலகு ஒன்றைக் கற்பனை செய்வோம். கழிவு வீதம் 8, வளர்ச்சி 2 என்று கொண்டால் இரண்டின் வித்தியாசம் 6 சதவீதம். 100ஐ அதனால் வகுத்தால் பெறுமதி ஏறக்குறைய 1,667 மில்லியன். கழிவு வீதத்தை 9 ஆக்கி, வளர்ச்சியை 1.5 ஆக்கினால் வித்தியாசம் 7.5, பெறுமதி 1,333 மில்லியன். குழாய்கள் அதே குழாய்கள், வாடிக்கையாளர் அதே வாடிக்கையாளர். ஐந்தில் ஒரு பங்கு, 333 மில்லியன் யூரோ, காகிதத்திலிருந்து மறைந்துவிட்டது. புத்தகப் பெறுமதி 1,500 மில்லியன் என்றால், முதல் கணக்கில் அலகு ஆரோக்கியமாக இருக்கிறது; இரண்டாவதில் 167 மில்லியன் நட்டம்.

இரண்டு கணக்குகளையுமே நேர்மையான ஒருவர் நேர்மையாகப் போட்டிருக்கலாம். வட்டி எங்கே நிற்கும், பணவீக்கம் எங்கே நிற்கும் என்று யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. ஆகவே இந்தச் சோதனையில் கள்ளம் தேடுவதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: வினாத்தாளைத் தயாரிப்பவரும் விடை எழுதுபவரும் ஒருவரே. கணக்காய்வாளர் மதிப்பெண் போடலாம். கேள்வியை மாற்றும் அதிகாரம் அவருக்குக் குறைவு.

தண்ணீர் ஒப்பந்தத்தின் இரண்டு கரைகள்

இந்த எதிர்காலக் கணிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை வெயோலியாவின் சொந்த வாசலிலேயே காணலாம். பாரிஸ் நகரத் தண்ணீர் விநியோகம் 1985 முதல் இரண்டு தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. சேன் நதியின் வலக்கரை வெயோலியாவின் முன்னோடியான ஜெனரால் தே ஓ நிறுவனத்திடம். இடக்கரை அதன் போட்டி நிறுவனமான சுவெஸின் முன்னோடியிடம். லாச்சப்பல் வலக்கரையில் இருக்கிறது. ஒப்பந்தங்கள் 2009 இறுதியில் முடிந்தன. நகரசபை அவற்றைப் புதுப்பிக்கவில்லை. 2010 ஜனவரி முதல் ‘ஓ த பாரி’ என்ற பொதுத்துறை அமைப்பே முழு நகரத்துக்கும் தண்ணீர் தருகிறது. சுற்றுவட்டச் சாலையைத் தாண்டி ஒபர்வில்லியேக்குப் போனால் கதை வேறு. அந்த நகரம் இல்-த-பிரான்ஸ் நீர்ச் சங்கத்தைச் சேர்ந்தது. சங்கம் நெடுங்காலமாக வெயோலியாவோடு இருக்கிறது. 2025இல் தொடங்கிய 12 ஆண்டு ஒப்பந்தமும் வெயோலியாவுக்கே கிடைத்தது.

ஒரே நிறுவனம், அருகருகே இரண்டு நகரங்கள். ஒன்றில் ஒப்பந்தம் போனது, மற்றதில் நிலைத்தது. இரண்டையும் தீர்மானித்தவை பெரும்பாலும் அரசியல் முடிவுகள்: நகரசபைத் தேர்தல், தண்ணீர் பொதுச் சொத்தா தனியார் சேவையா என்ற விவாதம், பில் தொகை மீதான மக்களின் கோபம். தண்ணீர் நிறுவனம் ஒன்றை வாங்கும்போது கைவசமுள்ள ஒப்பந்தங்களைத் தனி அருவச் சொத்தாகப் பதியலாம். அவை முடிந்த பின்னும் திரும்பக் கிடைக்கும், புதியவையும் வரும் என்ற நம்பிக்கையில் பெரும்பகுதி நன்மதிப்பில்தான் தங்குகிறது. வளர்ச்சி வீதத்தில் அரைச் சதவீதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், ஏதோ ஒரு நகரசபை பத்து வருடங்களுக்குப் பிறகு எப்படி வாக்களிக்கும் என்று ஊகிப்பதும் இங்கே ஒன்றுதான்.

விவெந்தியின் இரண்டு ஆண்டுகள்

பிரான்சில் நன்மதிப்பு என்ற சொல்லைப் பொதுமக்கள் காதில் விழச்செய்த நிகழ்வும் இதே நிறுவனத்தின் குடும்பத்தில்தான் நடந்தது. 1853இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் பிறந்த ஜெனரால் தே ஓ, ழான்-மரி மெசியேயின் தலைமையில் 1998இல் விவெந்தி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2000இல் தண்ணீர், கழிவுத் தொழில்களைத் தனி நிறுவனமாகப் பிரித்துப் பங்குச்சந்தையில் விட்டது. பின்னாளில் வெயோலியா ஆனது அதுதான். அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் சீகிராமையும் கனால் பிளஸ் தொலைக்காட்சியையும் இணைத்துக்கொண்டு விவெந்தி யூனிவர்சல் பிறந்தது. ஹாலிவுட் படக்கூடமும் உலகின் மிகப் பெரிய இசை நிறுவனமும் ஒரு பழைய பிரெஞ்சுத் தண்ணீர் நிறுவனத்தின் கைக்கு வந்தன. இணைய மோகத்தின் உச்சத்தில் பேசிய விலைகள் அவை. விலையின் பெரும்பகுதி காசாகக் கொடுபடவில்லை. அப்போது எக்கச்சக்கமாக ஏறியிருந்த விவெந்தியின் சொந்தப் பங்குகளாகக் கொடுபட்டது.

2002 மார்ச்சில் முந்திய ஆண்டின் கணக்கு வெளியானது. நட்டம் 13.6 பில்லியன் யூரோ. அதுவரை எந்தப் பிரெஞ்சு நிறுவனமும் கண்டிராத தொகை. அதன் மிகப் பெரும் பங்கு, வாங்கிய நிறுவனங்களின் நன்மதிப்பை வெட்டியதால் வந்தது. ஜூலையில் மெசியே பதவி விலகினார். ழான்-ரெனே ஃபூர்த்து வந்தார். 2002ஆம் ஆண்டின் நட்டம் 23.3 பில்லியன் யூரோ. 2000இன் தொடக்கத்தில் 150 யூரோ வரை போயிருந்த பங்கு 2002 ஆகஸ்டில் 10 யூரோவுக்குக் கீழே கிடந்தது. அதே ஆண்டு அட்லாண்டிக்கின் மறுகரையில் ஏஓஎல் டைம் வார்னர் 98.7 பில்லியன் டாலர் நட்டம் காட்டியது. காரணமும் அதே நன்மதிப்பு.

பங்கு விலை எப்போது விழுந்தது, கணக்கில் எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால் வரிசை தெளிவாகும். இணையக் குமிழி 2000 வசந்தத்திலேயே உடையத் தொடங்கிவிட்டது. முதல் பெரிய வெட்டு 2002 மார்ச்சில் வெளியானது. அதைவிடப் பெரிய நட்டம் புதிய தலைவரின் கீழ். சந்தை முதலில் சொன்னது, கணக்கு பிறகு ஒப்புக்கொண்டது.

வெயோலியாவும் பின்னர் இந்த வழியில் நடந்தது. ஆன்ரி ப்ரொக்லியோவின் காலத்தில் நாடு நாடாக விரிந்த நிறுவனத்துக்கு 2009இல் அந்துவான் ஃப்ரெரோ பொறுப்பேற்றார். 2011 ஆகஸ்ட் 4 அன்று அரையாண்டுக் கணக்கு வந்தது. தெற்கு ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களின் தொழில்களில் பல நூறு மில்லியன் யூரோ பெறுமதி இழப்பு. விளைவு, இலாபம் நட்டமாக மாறியது. பங்கு ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஆண்டு முழுவதற்குமான நட்டம் 490 மில்லியன் யூரோ அளவில். அதோடு பல நாடுகளிலிருந்து வெளியேறும் திட்டமும் வந்தது.

டாடா ஸ்டீல், விவெந்தி, வெயோலியா மூன்றிலும் விலை கொடுத்தவர் ஒருவர். வெட்டின் பெரும்பகுதி எழுதப்பட்டது அவருக்குப் பின் வந்தவரின் காலத்தில். புதிய தலைவர் வந்த ஆண்டுகளில் இத்தகைய வெட்டுகள் கூடுவதைக் கணக்கியல் ஆய்வுகள் பல நாடுகளில் கண்டிருக்கின்றன. மனித இயல்பு அது. தான் கொடுத்த விலை தவறென்று தானே எழுதுவது கடினம்; முன்னவர் கொடுத்ததைக் குறைத்து எழுதுவது எளிது, வசதியும்கூட. தொடக்கத்திலேயே பாரத்தை இறக்கி வைத்துவிட்டால் அடுத்த ஆண்டுகளின் இலாபம் அழகாகத் தெரியும்.

நிழலில் ஒதுங்கும் இழப்பு

தாமதத்துக்கு மனம் மட்டும் காரணமில்லை. சோதனையின் அமைப்பும் ஒரு காரணம். மீண்டும் லாச்சப்பல் கடைகளுக்கு வருவோம். இருபது வருடம் உழைத்து வளர்த்த ஒருவரின் கடைக்கு இன்று 200,000 யூரோ கிடைக்கும். அவர் புத்தகத்தில் அதன் நன்மதிப்பு சுழியம். அவர் இரண்டாவது கடை ஒன்றை வாங்கி, அதன் நன்மதிப்பாக 120,000 பதிகிறார். இரண்டையும் ஒரே அலகாக வைத்துச் சோதிக்கிறார் என்று கொள்வோம். இரண்டாவது கடை படுத்துவிட்டது. அதன் வாடிக்கையின் பெறுமதி 20,000 ஆகிவிட்டது. சோதனை என்ன சொல்லும்? இரண்டு கடையும் சேர்ந்து 220,000, புத்தகத்தில் 120,000. இழப்பு எதுவும் இல்லை! புத்தகத்தில் ஏறாத பழைய கடையின் வளம், புதிய கடையில் தொலைந்த 100,000 யூரோவை முழுதாக மறைத்துவிட்டது.

வாங்கிய நிறுவனத்தைப் பெரிய, செழிப்பான பிரிவு ஒன்றோடு இணைத்துவிட்டால் பெரிய குழுமங்களிலும் இதேதான் நடக்கும். கொடுத்த விலை வீணாகிவிட்டதா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை பதிலே சொல்வதில்லை. பிரிவு மொத்தமாகத் தாங்குகிறதா என்பதற்கே அது பதில் சொல்கிறது. கேள்வி வேறாக இருக்கும்போது, நேர்மையான பதிலாலும் நமக்குப் பயனில்லை.

‘காசு போகவில்லையே’

நன்மதிப்பை வெட்டும்போது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: இது புத்தகப் பதிவுதான், கையிலிருந்து ஒரு சதமும் வெளியேறவில்லை. அன்றைய தேதிக்கு அது உண்மை. காசு வாங்கிய நாளிலேயே போய்விட்டது. கடன் வாங்கிக் கொடுத்திருந்தால் வட்டி இன்றும் போகிறது. பங்குகளாகக் கொடுத்திருந்தால், பழைய பங்குதாரரின் உரிமை அன்றே சுருங்கிவிட்டது. வெட்டு என்பது அந்தச் செலவு வீணானது என்ற தாமதமான ஒப்புதல்.

ஒப்புதல் வராமலே போனால் என்ன ஆகும் என்பதைப் பிரித்தானியாவின் கரிலியன் காட்டியது. பாடசாலை, மருத்துவமனை, சிறைச்சாலைப் பராமரிப்பு முதல் நெடுஞ்சாலை வரை அரச ஒப்பந்தங்களில் வாழ்ந்த நிறுவனம் அது. அதன் 2016 ஆண்டறிக்கையில் நன்மதிப்பு ஏறக்குறைய 1.57 பில்லியன் பவுண். மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2011இல் வாங்கிய ஈகா என்ற நிறுவனத்தின் நன்மதிப்பு மட்டும் 329 மில்லியன் பவுண். அந்தத் தொழில் தொடர்ந்து நட்டத்தில் ஓடியது. அந்த எண் அசையவில்லை. நன்மதிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் சொத்தைவிடக் கடன் கூடியிருந்த நிறுவனம், பங்குதாரருக்கு இலாபப் பங்கு கொடுத்துக்கொண்டே இருந்தது. 2017 ஜூலையில் முதல் அதிர்ச்சி அறிவிப்பு. 2018 ஜனவரி 15 அன்று கலைப்பு. சம்பளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோருக்கும், பணம் வராத சிறு ஒப்பந்தக்காரர்களுக்கும், ஓய்வூதிய நிதிக்கும் அந்த அசையாத எண் வெறும் புத்தகப் பதிவாக இருக்கவில்லை.

தேய்ப்பதா, சோதிப்பதா

அப்படியானால் பழைய முறைக்கே திரும்பலாமா? 2004க்கு முன் சர்வதேசத் தரத்திலும், 2001க்கு முன் அமெரிக்காவிலும் நன்மதிப்பை ஆண்டுதோறும் தேய்த்து எழுதினார்கள். சர்வதேச விதியில் பொதுவாக 20 ஆண்டு, அமெரிக்காவில் 40 ஆண்டு வரை. திரும்ப வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. ஆனால் அமெரிக்கத் தர அமைப்பு 2022 ஜூனில் அந்த முயற்சியைக் கைவிட்டது. சர்வதேசத் தர அமைப்பும் அதே ஆண்டு நவம்பரில் சோதனை முறையையே தொடர முடிவெடுத்தது.

சிறு கடைக்காரருக்கு 10 ஆண்டுத் தேய்மானம் நியாயமானது. அவருக்குக் கழிவு வீதக் கணக்கெல்லாம் போட வசதியில்லை, வங்கித் தவணையே அவருடைய சோதனை. பெரிய குழுமத்துக்கு அது தீர்வாகாது என்பது என் கருத்து. சம அளவில் தேயும் எண் யாரையும் எதற்கும் பொறுப்பாக்காது. நல்ல கொள்வனவையும் கெட்ட கொள்வனவையும் ஒரே வேகத்தில் கரைத்துவிடும். விவெந்தி முதல் கரிலியன் வரை மக்களுக்குக் கிடைக்காமல் போனது தேய்மானம் அல்ல, தகவல்.

சர்வதேச அமைப்பு 2024 மார்ச்சில் வெளியிட்ட வரைவு இந்தத் திசையில்தான் போகிறது. வருமானம், இயக்க இலாபம், சொத்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் 10 சதவீதத்தைத் தாண்டும் பெரிய கொள்வனவுகளில், வாங்கும் ஆண்டிலேயே நோக்கத்தையும் இலக்கையும் சொல்ல வேண்டும். பின்வரும் ஆண்டுகளில் அவை எட்டப்பட்டனவா என்றும் சொல்ல வேண்டும் என்கிறது அது. இரகசியம் கசியும், போட்டியாளர் அறிந்துகொள்வார் என்று நிறுவனங்கள் எதிர்க்கின்றன. வரைவிலும் விலக்கு உண்டு. அந்த விலக்கு அகலமானால் விதி வெறும் எழுத்தாகிவிடும்.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. வெயோலியா 2020 அக்டோபரில் எரிசக்திக் குழுமமான எஞ்ஜியிடமிருந்து சுவெஸின் 29.9 சதவீதத்தைப் பங்குக்கு 18 யூரோ கொடுத்து வாங்கியது. கடும் மோதலுக்குப் பின் 2021 ஏப்ரலில் மீதிக்கு 20.50 யூரோ என்று உடன்பட்டது. 2022 ஜனவரியில் சுவெஸ் கைக்கு வந்தது. அந்த விலைக்கு நியாயமாக 500 மில்லியன் யூரோ செலவுச் சேமிப்பு இலக்கை அறிவித்து, எவ்வளவு எட்டினோம் என்று ஒவ்வோர் ஆண்டும் தானாகவே வெளியிட்டது. சேமிப்பு மட்டும் முழு விலையையும் நியாயப்படுத்தாது; ஒப்பந்தங்கள் நிலைத்தனவா, வளர்ச்சி வந்ததா என்பதும் அதேபோல் எழுதப்பட வேண்டும். ஆனாலும் பெரிய குழுமம் ஒன்றால் சொன்ன எண்ணை ஆண்டுதோறும் திரும்பிப் பார்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

விதி வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. பங்கு வைத்திருப்பவர், ஓய்வூதிய நிதி போட்டவர், அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர், அதனிடம் தண்ணீர் வாங்கும் நகரவாசி என்று யாராக இருந்தாலும் ஆண்டறிக்கையில் நன்மதிப்புக் குறிப்பைத் திறக்கலாம். நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். நன்மதிப்பு பங்குதாரர் நிதியில் எத்தனை பங்கு? கழிவு வீதமும் வளர்ச்சி வீதமும் சென்ற ஆண்டிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தன, நாட்டு வட்டி ஏறியபோது கழிவு வீதமும் ஏறியதா? எடுகோள் எவ்வளவு மாறினால் இழப்பு வரும் என்று எழுதியிருக்கிறார்களா? அலகுகளின் எல்லை திடீரென்று மாற்றி வரையப்பட்டதா? பிரான்சில் பங்குச்சந்தை நிறுவனங்களின் கணக்காய்வாளர், தாம் அதிகம் உழைத்துச் சரிபார்த்த இடங்களைத் தம் அறிக்கையில் விளக்க வேண்டும்; நன்மதிப்பு அங்கே அடிக்கடி இடம்பெறும். அந்தப் பக்கங்கள் தலைவரின் முன்னுரையைவிட அதிகம் சொல்லும்.

கடை வாங்கிய சிறு வணிகர் தான் கொடுத்த விலைக்குத் தானே பதில் சொல்கிறார். சட்டமும் வங்கியும் அவரை விடுவதில்லை. பில்லியன் கணக்கில் பிறர் பணத்தைக் கொடுத்து வாங்கும் நிர்வாகத்திடம் அதே பொறுப்பைக் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. என்ன கிடைக்கும் என்று சொல்லி வாங்கினீர்கள், அதில் என்ன கிடைத்தது என்ற இரண்டு வரிகளை ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் எழுதச் செய்வோம். பெறுமதி இழப்புச் சோதனை அதன்பின் தன் வேலையைத் தானே ஒழுங்காகச் செய்யும்.